எல்லாம் அணைத்த பிறகும் சுழன்ற மீற்றர்

நாகலிங்கம் அண்ணை இறந்த செய்தி ஒரு திங்கட்கிழமை காலை எங்கள் மின்சாரக் கந்தோருக்கு வந்தது. நான் முறைப்பாட்டுப் புத்தகத்தில் யாரோ ஒருவருடைய மின்விசிறி நின்றுபோனதைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தேன். கந்தோர்ச் சேவகர் மேசைக்கு அருகில் வந்து நின்று, "அண்ணை காலமை மோசம் போயிட்டாராம்" என்றார். நான் தலையசைத்துவிட்டு அந்த வரியை எழுதி முடித்தேன். விலாசத்தையும் எழுதினேன். பிறகுதான் பேனையை வைத்தேன். கீரிமலையில் அவருடைய முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குப் போய் வந்து இதை எழுதுகிறேன். இன்னும் எனக்கு அழுகை வரவில்லை. அவரை அறிந்தவர்கள் இதைக் குறையாக எடுக்கமாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

அவர் வட்டுக்கோட்டைக்காரர். பட்டினத்துக்கு மின்சாரம் வந்த நாள் தொட்டு மீற்றர் பரிசோதகர். நான் முறைப்பாடு எழுதும் லிகிதர். யூனிற் கூடிவிட்டது என்று ஒருவர் வந்து சொன்னால் நான் எழுதுவேன். அவர் சைக்கிளில் போய்ப் பார்ப்பார். வீட்டில் உள்ள எல்லாவற்றையும் அணைப்பார். பிறகு ஒவ்வொன்றாகப் போட்டு, மீற்றருக்குள் இருக்கும் தட்டு ஒரு நிமிடத்தில் எத்தனை தரம் சுற்றுகிறது என்று கடிகாரத்தைப் பார்த்து எண்ணுவார். பல்ப்புக்கு அது சோம்பலாகத் திரும்பும். இஸ்திரிப்பெட்டிக்கு ஓடும். றேடியோவைச் சந்தேகிக்காத வீடு இல்லை. அது எடுப்பதோ கொஞ்சம். மூலையில் கிடக்கும், தேத்தண்ணிக்குக் கொதிக்கவைக்கும் சின்னக் கேத்தில்தான் தட்டை விரட்டும். "சத்தம் போடுறதெல்லாம் கறண்ட் தின்னிறேல்லை" என்பார்.

இரண்டாம் உலக யுத்தகாலத்து மாரி ஒன்றில், வழக்குத் தொழிலிலிருந்து ஓய்ந்த ஒரு பிரக்கிராசியார் கந்தோருக்கு வந்தார். மழை தொடங்கியதிலிருந்து தன் வீட்டு மீற்றர் ஏறிக்கொண்டே போகிறதென்றும், சமையல்காரி கனகம் தாங்கள் இல்லாத வேளைகளில் இஸ்திரிப்பெட்டியும் கேத்திலும் போடுகிறாள் என்றும் சொன்னார். வெள்ளிக்கிழமையோடு அவளை அனுப்பிவிடப் போகிறாராம். காரணம் என்ற இடத்தில் நான் 'வேலைக்காரியின் துர்ப்பிரயோகம்' என்று எழுதிவைத்தேன்.

நாகலிங்கம் அண்ணை அதை வாசித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"உதை நீர் கண்ணாலை கண்டனீரோ?"

பிரக்கிராசியார்தான் சொன்னார் என்றேன்.

"அப்ப என்னோடை வாரும்."

மறுநாள் காலை போனோம். ஒவ்வொன்றாக அளந்தார். எதிலும் பிழை இல்லை. கடைசியில் எல்லாச் சுவிச்சுகளையும் அணைத்துவிட்டு மீற்றருக்கு முன்னால் ஒரு கதிரையைப் போட்டு இருந்தார். தட்டு நிற்கவில்லை. பார்த்துக்கொண்டிருந்தால்தான் தெரியும் அளவுக்கு, மெல்ல மெல்ல நகர்ந்தது. எங்களுக்கு வைத்த தேநீர் ஆறிப்போயிற்று. மெயின் சுவிச்சை இறக்கினார், தட்டு நின்றது. மீற்றர் சரி, வீட்டுக்குள் எங்கோ கசிகிறது என்றார்.

பிறகு அவர் பிரக்கிராசியாரிடம் எதுவும் கேட்கவில்லை. குசினி வாசலில் போய் நின்று, அந்த வீட்டில் எல்லோரும் பேர் சொல்லிக் கூப்பிட்ட அந்த மனுஷியிடம், "அக்கா, உங்களுக்கு இஞ்சை ஏதும் வித்தியாசமாத் தெரிஞ்சதோ?" என்று கேட்டார்.

கனகம் முதலில் பின்னால் வந்து நின்ற எசமானியைப் பார்த்தாள். பிறகு பாத்திரம் கழுவும் இடத்துக்கு மேலே கையைக் காட்டினாள்.

"ஈரக்கையோடை உந்தச் சுவரிலை முட்டினா கை உதறும் ஐயா. மழை துடங்கின நாள் துவக்கம் அப்பிடித்தான். அம்மாட்டைச் சொன்னனான். வாதம் எண்டவ."

வயரை மூடிச் சுவரோடு போன மரச்சட்டத்தை அண்ணை கழற்றினார். கூரை ஓட்டு ஒழுக்கில் ஊறி, வயரின் ரப்பர் உரிந்து, செம்பு வெளியே தெரிந்தது. மரமும் சுவரும் நனைந்திருந்தன. கனகம் தன் உள்ளங்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே நின்றாள். நான் அவளுடைய முகத்தைப் பார்க்கவில்லை.

அன்று பின்னேரம் றேடியோவில் யுத்தச் செய்தி கேட்க ஆட்கள் வருவார்கள், நாளைக்குத் திருத்தலாம், இப்போது கறண்டைப் போட்டுவிடும் என்றார் பிரக்கிராசியார். அண்ணை பியூஸைக் கழற்றித் தன் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு சைக்கிளை எடுத்தார். வயர் மாற்றிய பிறகுதான் அதைத் திருப்பிக் கொடுத்தார். பிரக்கிராசியார் எங்கள் இஞ்சினியருக்கு அண்ணையைப் பற்றி முறையிட்டு எழுதினார். விளக்கம் கேட்டு வந்த கடிதத்துக்கு அண்ணை ஒரே வரியில் பதில் எழுதினார்: அந்தச் சுவரில் ஒருவர் தினமும் கைவைக்க வேண்டியிருந்தது. இஞ்சினியர் அதை வாசித்துவிட்டுக் கடிதக் கோவையில் போட்டார். அதற்குமேல் எதுவும் நடக்கவில்லை.

முறைப்பாட்டுப் புத்தகத்தில் நான் எழுதியதைச் சுரண்டி அழிக்கப் போனேன். அண்ணை தடுத்தார். "அழிக்காதையும். ஒரு கோடு கீறிப்போட்டுக் கீழை சரியானதை எழுதும். எழுதினதும் தெரியட்டும்." அவர் என்னைக் கடிந்து பேசியதென்றால் அது ஒன்றுதான்.

கனகத்தை இருக்கச் சொல்லிக் கேட்டார்களாம். அவள் இருக்கவில்லை. தெல்லிப்பழையில் ஒரு வாத்தியார் வீட்டில் சமைக்கப் போனாள்.

அண்ணை கடைசியாகக் காய்ச்சலோடு தெல்லிப்பழை ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஒரு தரம் போனேன். கட்டிலருகே கனகம் கஞ்சிச் செம்போடு நின்றாள். என்னை அவளுக்கு அடையாளம் தெரிந்திருக்க வேண்டும். கதிரையை என் பக்கம் தள்ளிவிட்டாள். நான் கந்தோரில் நடந்த புதினங்களைச் சொன்னேன். அண்ணை கண்ணை மூடியபடி, "ஓம், ஓம்" என்று கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. எழும்பி, வாறன் அண்ணை என்றேன். அதற்கும் ஓம் என்றார். அவ்வளவுதான்.

அவரிடமிருந்து எனக்குப் பொருளாக எதுவும் வந்து சேரவில்லை. 'உதை நீர் கண்ணாலை கண்டனீரோ?' என்ற ஒரு கேள்வி மட்டும் வந்திருக்கிறது. நேற்று ஒருவர் கந்தோருக்கு வந்து, வேலைக்காரன் விளக்குகளை அணைப்பதில்லை, அதனால்தான் யூனிற் ஏறுகிறது என்றார். காரணத்தை எழுத நான் பேனையை எடுக்கவில்லை. அந்த வேலைக்காரனையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், அவரிடமும் கேட்க வேண்டும் என்றேன். வந்தவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு போனார். காரணம் என்ற இடம் இன்னும் வெறுமையாக இருக்கிறது. அந்த மனிதன் வந்து கதைக்கும் வரைக்கும் அது அப்படியே இருக்கும்.