மூன்றாவது எடைமேடையில் திறக்காத நிரல்

1. லாரிகளை எடைபோடும் புதிய நிரலை நான் எழுதி, மூன்று எடைமேடைகளுக்கும் பென் டிரைவில் கொடுத்தேன்.
2. முதல் மேடையில் திறந்தது. இரண்டாவதில் திறந்தது.
3. மூன்றாவதில் ஒரு கருப்புத் திரை மின்னி மறைந்தது. அவ்வளவுதான்.
4. நான் போய் அதே கணினியில் திறந்தேன். திறந்தது.
5. நான் கிளம்பியதும் அங்கே வேலை பார்க்கும் அக்கா திறந்தார். திறக்கவில்லை.
6. மேலாளர் போனில் சொன்னார்: "அப்ப மிஷின்ல கோளாறு இல்ல மேடம், ஆள்ல இருக்கு. அவங்களுக்குப் புது சாஃப்ட்வேரே பிடிக்கல. பொன்னேரி யார்டுக்கு மாத்திடறேன்."

ஐந்தாவதற்கும் ஆறாவதற்கும் நடுவில் ஏதோ விட்டுப்போயிருக்கிறது என்று தோன்றியது. என்னவென்று தெரியவில்லை. மறுநாள் காலை மூன்றாவது மேடை இருக்கும் திருவொற்றியூர் யார்டுக்கே போய் உட்கார்ந்தேன்.

அக்காவின் வீடு காத்திவாக்கத்தில். மகள் பள்ளி விட்டு வரும் நேரத்துக்கு அவர் வீட்டில் இருந்தாக வேண்டும். பொன்னேரி என்றால் அது நடக்காது. அதை அவர் என்னிடம் ஒரே ஒரு முறை சொன்னார். பிறகு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, பழைய நிரலிலேயே லாரிகளை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார்.

மணலியிலிருந்து வந்த டேங்கர் ஒன்றின் டிரைவர் ஜன்னலில் எட்டிப் பார்த்தார். "இன்னாக்கா, புது மிஷினு இன்னும் தூங்கிகினு கீதா?"

"நீ மொதல்ல வண்டிய மேடை மேல ஒயுங்கா நிறுத்து. அப்பறம் அத்த எழுப்பலாம்."

என் நிரலுக்குள் பைத்தான் என்ற கணினி மொழி ஒன்று குடியிருக்கிறது. டேங்கருக்கு ஒரு விதி, கன்டெய்னருக்கு ஒரு விதி என்று எடை விதிகள் அடிக்கடி மாறும். ஒவ்வொரு முறையும் முழு நிரலையும் திரும்பக் கட்டாமல், விதிகளை மட்டும் பைத்தானில் எழுதி மாற்றிக்கொள்ளலாம் என்பது என் யோசனை. நிரல் தொடங்கியதும் உள்ளே இருக்கும் பைத்தானை எழுப்பும். அது எழுந்ததும் தன் கோப்புகள் இருக்கும் இடத்தைத் தேடும். அந்த இடத்துக்கு ‘ஹோம்’ என்றே பெயர். ஹோமைக் காணவில்லை என்றால் அது அங்கேயே செத்துவிடும், என் நிரலையும் சேர்த்து இழுத்துக்கொண்டு.

கருப்புத் திரையில் மின்னி மறையும் பிழைச் செய்தியை நிறுத்திப் படித்தேன். ‘என்கோடிங்ஸ்’ என்ற பகுதியைக் காணவில்லை என்றது. எழுத்துகளைப் படிக்கக் கற்றுக்கொடுக்கும் பகுதி அது. ஃபோல்டரைத் திறந்து பார்த்தேன். அந்தப் பகுதி அங்கேதான் இருந்தது. மறுபடி ஓடவிட்டேன். காணவில்லை என்றது.

"இன்னாம்மா சொல்லுது?"

"அதுக்கு வீடு தெரியலயாம்க்கா."

"வூடு தெர்லியா? காலங்காத்தாலயே ஏத்திகினு வந்துட்சா?"

எனக்குச் சிரிப்பு வந்தது, விடை வரவில்லை. ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டேன். வைரஸ் தடுப்பு நிரலை நிறுத்திப் பார்த்தேன். அக்காவின் லாகினுக்கு அனுமதி குறைவோ என்று பார்த்தேன், குறைவில்லை. வேறு பைத்தான் ஏதாவது குறுக்கே நிற்கிறதா என்று தேடினேன். அந்தக் கணினியில் வேறு பைத்தானே இல்லை.

கடைசியில் அக்காவின் நாற்காலியில் உட்கார்ந்து, அக்கா வழக்கமாகத் திறக்கும் இடத்திலிருந்தே திறந்தேன். திறக்கவில்லை. என் கைக்கும் திறக்கவில்லை. எனக்கு அவ்வளவு நிம்மதி. முந்தைய நாள் நான் திறந்தது பென் டிரைவிலிருந்து டெஸ்க்டாப்பில் போட்ட பிரதியை. அக்கா திறந்தது டி டிரைவில் அவரே வைத்த பிரதியை. இரண்டும் ஒரே கோப்புகள்தான், ஒவ்வொன்றாக ஒப்பிட்டுவிட்டேன். அப்படியானால் ஏன்?

"அக்கா, அன்னைக்கு எப்படி வெச்சீங்களோ, அதே மாதிரி புதுசா ஒரு தடவை வெச்சுக் காட்டுங்க."

அவர் புதிய ஃபோல்டர் உருவாக்கினார். விசைப்பலகையைத் தமிழுக்கு மாற்றினார். ஓர் எழுத்தைத் தட்டினார். திரும்ப ஆங்கிலத்துக்கு மாற்றி, ‘EDAI’ என்று அடித்தார்.

உ EDAI.

"இது எதுக்குக்கா?"

"இன்னாம்மா இப்டி கேக்குற? புச்சா ஒண்ணு தொடங்க சொல்ல புள்ளையார் சுழி போடாம எப்டி?"

காலையிலிருந்து அந்த ஃபோல்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கல்யாணப் பத்திரிகையிலும் மளிகைச் சீட்டிலும் பரீட்சைத் தாளிலும் பார்த்துப் பார்த்து, அதை ஓர் எழுத்தாகவே என் கண் எடுத்துக்கொள்ளவில்லை. பிழைச் செய்தியில் ஹோம் இருக்கும் இடத்தை மறுபடி படித்தேன். டி டிரைவ், அதற்குப் பிறகு ஒரு கேள்விக்குறி, அதற்குப் பிறகு EDAI. அந்தக் கேள்விக்குறியையும் நான் பலமுறை தாண்டிப் போயிருந்தேன். நிரல் எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று விண்டோஸிடம் கேட்க நான் எழுதியிருந்த வரி, தமிழ் அறியாத பழைய வகை. அது உ வந்த இடத்தில் ? போட்டு பைத்தானிடம் கொடுத்திருக்கிறது. அந்தப் பெயரில் ஃபோல்டரே கிடையாது.

மற்ற இரண்டு மேடைகளுக்கும் போன் செய்தேன். முதல் மேடையில் இருப்பவர் தண்டையார்பேட்டை பாய். அவர் ஃபோல்டரின் பெயர் 786 EDAI. இரண்டாவதில் இருப்பவர் ராயபுரத்துக்காரர், ஞாயிற்றுக்கிழமை பூசை தவறாதவர். அவருடையது + EDAI. எண்ணும் கூட்டல் குறியும் என் பழைய வரிக்குத் தெரியும். உ தெரியாது.

அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஒரு எயுத்துக்கா இம்மாம் பேஜாரு? நான் அயிச்சிடறேம்மா. பொன்னேரிக்கு மட்டும் வாணாம்னு சொல்லு" என்றார்.

"அழிக்காதீங்கக்கா. தப்பு உங்க ஃபோல்டர்ல இல்ல."

அந்த ஒரு வரியை மாற்றினேன். மேலாளரிடம், தமிழ் எழுத்து வந்தால் என் நிரலுக்குப் படிக்கத் தெரியவில்லை, இப்போது தெரியும் என்றேன்.

"அப்ப அவங்க ஒண்ணும் பண்ணலயா?"

"பிள்ளையார் சுழி போட்டாங்க சார்."

"சரி மேடம்" என்றார். அது புரிந்த சரியா, புரியாத சரியா என்று எனக்குத் தெரியவில்லை.

இப்போதைய நிலை இது. நிரல் மூன்று மேடைகளிலும் திறக்கிறது. ஃபோல்டர்களின் பெயர்கள் மாறவில்லை. அக்கா மூன்றாவது மேடையில்தான் இருக்கிறார். மாற்றல் பேச்சை மேலாளர் மறுபடி எடுக்கவில்லை, விட்டுவிட்டதாகவும் சொல்லவில்லை. இரண்டாவது மேடையில் மட்டும் நிரல் திறப்பதற்கு முன் அந்தக் கருப்புத் திரை ஒரு கணம் மின்னிப் போகிறது. ஏனென்று இன்னும் கண்டுபிடிக்கவில்லை.