வடசேரி வடையும் அப்பா கொடுத்த வாக்கும்

அப்பா எங்களை விட்டுப் பிரிந்து இன்றோடு ஓராண்டு நிறைகிறது. நினைவு மலர் ஒன்று போட வேண்டும் என்று முடிவு செய்தது தம்பி. எழுதுகிற பொறுப்பை மட்டும் என் தலையில் கட்டிவிட்டான். "அக்கா, அப்பாக்க நல்ல குணங்கள மட்டும் எழுது. தீனிக் கதைய எல்லாம் விட்டிரு, நாலு பேரு படிப்பாவ" என்று ஒரு நிபந்தனையும் வைத்தான். எழுத உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, தீனியை எடுத்துவிட்டால் அப்பாவைப் பற்றி அரைப் பக்கம்கூடத் தேறாது. ஆகவே உற்றார் உறவினர் பொறுத்தருள வேண்டும். தம்பியும் பொறுத்துக்கொள்ளட்டும்.

அப்பா பிறந்தது தாழக்குடியில். ஐந்து வயதுக்குள் தாய் தகப்பன் இருவரையும் இழந்து, பூதப்பாண்டியில் தாய்மாமன் வீட்டில் வளர்ந்தார். அந்த வீட்டில் பிள்ளைகள் ஒன்பது பேர், அப்பா பத்தாவது. சோறு விளம்பும்போது பத்தாவது இலைக்கு வந்து சேருவதற்குள் கறி தீர்ந்திருக்கும், ரசம் ஆறியிருக்கும். யாரும் வேண்டுமென்று செய்ததல்ல. பத்தாவது இலையின் தலைவிதி அப்படி.

நாடு விடுதலை பெற்ற வருடத்தில் அப்பாவுக்கு பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகர் உத்தியோகம் கிடைத்தது. அதுவரை ஒரு அரிசி மண்டியில் மூட்டைக்குக் காவலாக இருந்தவர் காக்கி உடுப்பு மாட்டிக்கொண்டார். மண்டி வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலிருந்தே அப்பாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. வடசேரியில் மாதேவன் அண்ணாச்சியின் கடைக்குள் போய் ரசவடை சாப்பிடுவது. பலகை கிடையாது, பெயர் கிடையாது, இரண்டு பெஞ்சு மட்டும் உள்ள கடை. பருப்பு வடையைக் காலையிலேயே ரசத்தில் இறக்கி, பானையை அடுப்புக் கனலில் வைத்திருப்பார்கள். வடை ரசத்தைக் குடித்துக் குடித்து இரண்டு மடங்காகியிருக்கும். அப்பா முதன்முதல் அங்கே போய் உட்கார்ந்த அன்று, அண்ணாச்சி ஆவி பறக்கக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "இன்னொண்ணு வைக்கட்டா?" என்று கேட்டாராம். "அதுக்கு முன்ன என்னய யாரும் அப்பிடிக் கேட்டதில்ல, மக்கா" என்று அப்பா என்னிடம் ஒருமுறை சொன்னார். அப்பாவைத் தீனிப்பண்டாரம் என்று கேலி செய்த உறவினர்கள் இந்த வரியை இரண்டு தடவை வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். நீங்கள் யார் யாரென்று எனக்குத் தெரியும்.

பஸ் உத்தியோகம் கிடைத்ததும் அப்பாவின் ராஜ்யம் விரிந்தது. தக்கலையில் பழம்பொரி, மார்த்தாண்டத்தில் புட்டும் பயறும் பப்படமும், சுசீந்திரத்தில் ஒரு கோயில் போற்றி சுடும் தோசை. எந்த ஊரில் எந்தச் சட்டி எத்தனை மணிக்கு அடுப்பேறும் என்பது அப்பாவுக்கு அத்துப்படி. இதனால் ஒரு சங்கடமும் வந்தது. அப்பா எங்கே பஸ் ஏறுவார் என்பது டிக்கெட் எடுக்காதவர்களுக்கும் அத்துப்படியாகிவிட்டது. "தக்கலையில செக்கரு ஏறுவாரா?" என்று ஒருவர் கேட்க, "பழம்பொரி வேவ இன்னும் நேரமிருக்கு, பேசாம இரியும்" என்று இன்னொருவர் தைரியம் சொல்வாராம். விஷயம் அப்பாவின் காதுக்கு வந்தது. மறுநாளே முறையை மாற்றி மார்த்தாண்டத்துப் புட்டை முதலில் சாப்பிட்டார். ஒரு வாரத்தில் அதுவும் ஊருக்குத் தெரிந்துபோயிற்று. கடைசியில் அப்பா புதிது புதிதாகக் கடைகளைக் கண்டுபிடிக்க ஆரம்பித்தார். எங்கே இருப்பார் என்று யாராலும் கணிக்க முடியாமல் போக, எல்லோரும் ஒழுங்காக டிக்கெட் எடுத்தார்கள். கடமை உணர்ச்சிக்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டுமென்றால் தம்பி தனியாக ஒரு கட்டுரை எழுதிக்கொள்ளலாம்.

எங்கள் வீட்டில் மீன் புழங்குவதில்லை. இனயத்துக்குப் போகிற வழியில் பிலோமி அக்காள் மரச்சீனிக்கிழங்கும் மீன்குழம்பும் விற்றார். அந்தப் பக்கம் போய்வந்த நாட்களில் அப்பாவின் துண்டை அம்மா மோந்து பார்ப்பாள். "பஸ்ஸுல மீன்கூடை ஏறிச்சு" என்பார் அப்பா. "மீன்கூடை ஏறினா துண்டுல மணக்கும். மீசையில எப்பிடி மணக்கும்?" என்று அம்மா கேட்பாள். அப்பா மீசையைத் துடைத்துக்கொண்டே குளிக்கப் போய்விடுவார். ஆனால் எந்த மீனையும்விட அம்மாவுக்கு ஆத்திரம் வடசேரி வடை மேல்தான். "நான் வைக்கிய ரசத்துல பாம்பா கெடக்கு?" என்று கேட்டுவிட்டு இரண்டு நாள் ரசமே வைக்கமாட்டாள்.

இனி என் கல்யாணக் கதை. அப்பாவின் கதையில் இதுதான் முக்கியமானது என்று நான் நினைப்பதில் சுயநலம் இருக்கலாம்.

மாப்பிள்ளை கோட்டாற்றைச் சேர்ந்தவர். தக்கலையில் பள்ளிக்கூட வாத்தியார். நானும் அம்மாவும் ஒருமுறை தக்கலைக்குப் போகும்போது பஸ்ஸில் எழுந்து அம்மாவுக்கு இடம் கொடுத்தவர். அதை நான் மறக்கவில்லை, யாரிடமும் சொல்லவும் இல்லை. ஜாதகம் வந்தபோது அப்பா உடனே சம்மதித்தார். "மூணு வருசமா அந்தப் பயல செக் பண்ணுகேன். ஒரு நாளு டிக்கெட் இல்லாம வந்ததில்ல. இதுக்கு மேல என்ன பொருத்தம் பாக்கணும்?" என்றார்.

நிச்சயதாம்பூலத்தன்று மாப்பிள்ளை வீட்டார் முப்பது பேர் வந்தார்கள். அம்மா விடியலிலிருந்து அடுப்படியில் நின்று இட்டிலியும் கேசரியும் செய்து வைத்திருந்தாள். அப்பாவுக்கு அது போதவில்லை. நல்ல காரியத்துக்கு நல்ல பண்டம் வேண்டாமா என்று சொல்லி, வடசேரிக் கடையிலிருந்து பெரிய பித்தளைத் தூக்கு நிறைய ரசவடை வாங்கிவந்து விளம்பச் சொல்லிவிட்டார். இரும்புச் சாமான் வியாபாரம் செய்கிற என் மாமனார் சாப்பிட்டு முடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"சம்பந்தி, வட நல்லாத்தான் இருக்கு. ஆனா ஊறிப்போச்சு. எங்க கோட்டாத்துல எண்ணெச்சட்டியில இருந்து எடுத்த வடைக்கி மேல அந்தால சுடுரசத்த ஊத்துவான் பாத்துக்கிடுங்கோ. மொறுமொறுன்னு இருக்கும்."

"மொறுமொறுன்னு வேணும்னா முறுக்கு திங்கலாமே" என்றார் அப்பா. "அதுக்கு எதுக்கு ரசம்?"

"ஊறின வட பல்லு இல்லாதவியளுக்குல்லா?"

"ரசவடன்னா ரசம் உள்ள போவணும்வே. மேல ஊத்தினா அது குளிச்ச வட."

அவ்வளவுதான். வடையிலிருந்து கடைக்குப் போய், கடையிலிருந்து ஊருக்குப் போய், கோட்டாற்றுக்காரனுக்கு நாக்கு உண்டா, வடசேரிக்காரனுக்குப் பல் உண்டா என்று வந்து நின்றது. மலையாளச் சீமையோடு இருந்த நாங்கள் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்ற பேச்சு ஊரெங்கும் சூடாக இருந்த காலம் அது. சத்தம் கேட்டு ஓடிவந்த எதிர்வீட்டுக்காரர் அதுதான் விவகாரம் என்று நினைத்து, "ரெண்டு பேருக்கும் சேரணும்ணுதானே ஆச? பெறவு எதுக்குச் சண்ட?" என்று சமாதானம் பண்ணப் பார்த்தார். என் மாமனார் துண்டை உதறித் தோளில் போட்டார். "எந்திரிங்கோ, போவோம்" என்றார். வெற்றிலைத் தட்டு மாற்றப்படாமல் நடுவில் இருந்தது. நல்ல நேரம் முடியக் கால்மணி நேரம்தான் இருக்கிறது என்று தரகர் கையைப் பிசைந்தார். மாப்பிள்ளை தன் கால் பெருவிரலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். இன்றைக்கும் தகப்பனார் முன்னால் அவர் பேசுவதில்லை.

உள்ளறையில் நான் பட்டுச்சேலையும் பூவுமாக நின்றுகொண்டிருந்தேன். வடை ஊறினால் என்ன, ஊறாவிட்டால் என்ன? தட்டு மாறாமல் அவர்கள் படி இறங்கிவிட்டால் என் கதி என்ன? அப்பா தண்ணீர் குடிக்க உள்ளே வந்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டார்.

"அழுதியா மக்கா?"

"இல்லப்பா."

"அந்தப் பயல ஒனக்குப் பிடிச்சிருக்கா?"

தலையை மட்டும் ஆட்டினேன். செம்பை அப்படியே வைத்துவிட்டு அப்பா வெளியே போனார்.

"கோட்டாத்து வடதான் வட" என்று அப்பா சபைக்கு நடுவில் சொன்னது உள்ளே எனக்குக் கேட்டது. "எனக்குத்தான் இவ்வளவு நாளும் தெரியல்ல."

மாமனாருக்கு அது போதவில்லை. "அப்போ இனிமே வடசேரிக் கடையில கால் வைக்கமாட்டேருன்னு சொல்லும்."

"வைக்கமாட்டேன்."

"கோட்டாத்து வடயத் தவிர வேற வட தின்னமாட்டேரு?"

"தின்னமாட்டேன். தட்ட எடும்வே, நேரம் போவுது."

தட்டு மாறியது. இரண்டாம் மாதம் எனக்குக் கல்யாணம் நடந்தது.

அப்பா அந்த வாக்கை நான்கு வருடம் காப்பாற்றினார். வடசேரியில் பஸ் நின்றால் இந்தப் பக்க ஜன்னலிலிருந்து அந்தப் பக்க ஜன்னலுக்குப் போய் நின்றுகொள்வார் என்று டிரைவர்மார் சொல்வார்கள். மாதேவன் அண்ணாச்சி தன்னிடம் என்ன குறை கண்டார் என்று ஆள் அனுப்பிக் கேட்டார். "ஒரு குறையும் இல்ல, மகளக் கெட்டிக் குடுத்திருக்கேன்" என்று பதில் போயிற்று. என்னைப் பார்க்கக் கோட்டாற்றுக்கு வரும்போதெல்லாம் மாமா (மாமனாரை நான் அப்படித்தான் கூப்பிடுவேன்) அந்த மொறுமொறு வடையை வாங்கிவைத்து, எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். அப்பா "பிரமாதம்" என்று சொல்லி முழுதும் சாப்பிடுவார். எனக்கு அப்பாவின் முகம் தெரியும். பத்தாவது இலையில் உட்கார்ந்த முகம் அது. பார்க்கப் பார்க்க எனக்கு மாமா மேல் கோபம் கோபமாக வரும். மருமகள் என்ன செய்ய முடியும்? மாமாவின் மோரில் உப்பைக் கொஞ்சம் கூட்டிப் போடுவேன்.

போன வருடம் அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்தது. டாக்டர் எண்ணெய், புளி, உப்பு மூன்றையும் நிறுத்தினார். பாதி உயிர் அப்போதே போய்விட்டது என்றார் அப்பா. இரண்டு மாதம் கழித்து, இனி கேட்டதைக் கொடுங்கள் என்று டாக்டரே சொன்னபோது எங்களுக்குப் புரிந்துவிட்டது. அன்று காலை கட்டிலைச் சுற்றி நாங்கள் எல்லோரும் இருந்தோம், மாமாவும் இருந்தார்.

"என்னப்பா வேணும்? ரசவட வாங்கிட்டு வரட்டா?" என்று கேட்டேன்.

அப்பா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். பிறகு மாமாவைப் பார்த்தார். "கோட்டாத்து வட" என்றார்.

மாமா சட்டென்று எழுந்து தூக்கை எடுத்துக்கொண்டு அவரே போனார். திரும்பி வந்து யாரையும் தொடவிடாமல், ஒரு துண்டு வடையை ரசத்தில் மசித்து, கரண்டியால் அப்பாவின் வாயில் வைத்தார். அப்பா வெகு நேரம் வாயிலேயே வைத்திருந்து விழுங்கினார். முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. மறுநாள் காலை அப்பா போய்விட்டார்.

பதினாறாம் நாள் படையலில் அப்பாவுக்குப் பிடித்ததெல்லாம் வைத்தோம். கடைசியாகக் கேட்டது கோட்டாற்று வடை என்பதால் தம்பி அதை வாங்கிவைத்திருந்தான். மாமா வேறொரு தூக்கோடு வந்து, தம்பி வைத்த வடையை இலையிலிருந்து எடுத்துவிட்டு, ஊறிய வடையை வைத்தார்.

"மாமா, அப்பா கேட்டது கோட்டாத்து வடல்லா?" என்றான் தம்பி.

"கேட்டது அதுதான் மக்கா. நான் அன்னைக்கிக் குடுத்தது வடசேரி வட. மொத வாயிலயே அவருக்குத் தெரிஞ்சுபோச்சு. என்னப் பாத்துக் கண்ணச் சிமிட்டினாரு" என்றார் மாமா. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு சொன்னார்: "நிச்சயத்தன்னைக்கே எனக்குத் தெரியும், அதுதான் நல்ல வடன்னு. ஊருக்கு முன்னால விட்டுக்குடுக்க மனசு வரல்ல. பேசினது பேசினதுதான், ஆனா மூணு வட தின்னுட்டுத்தான் பேசினேன்."

அழுதுகொண்டிருந்த அம்மா தலையை நிமிர்த்தி, "நாலு" என்றாள்.

அப்பாவின் கடைசி நாட்களில் உடனிருந்து பார்த்த டாக்டர் ஐயாவுக்கும், முறை மாற்றி எங்களுக்குத் துணை வந்த டிரைவர் கண்டக்டர்மாருக்கும், துக்கம் கேட்க இனயத்திலிருந்து நடந்தே பாதி வழி வந்த பிலோமி அக்காளுக்கும், நான்கு வருடம் அந்தப் பெஞ்சின் ஓரத்தில் யாரையும் உட்காரவிடாத மாதேவன் அண்ணாச்சிக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அம்மாவின் ரசத்துக்கும் நன்றி, அதில் பாம்பு எதுவும் கிடையாது.

இந்த மலர் உங்கள் கைக்கு வரும் நேரத்தில் பந்தி தொடங்கியிருக்கும். இலையில் ஊறிய ரசவடை வரும். விளம்புகிறவர் என் மாமனார். கடைசி இலையிலிருந்துதான் தொடங்குவேன் என்று பிடிவாதமாக இருக்கிறார். "இன்னொண்ணு வைக்கட்டா?" என்று உங்களிடம் கேட்பார். வேண்டும் என்று சொல்லுங்கள். எந்தக் கடை வடை என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள், கேட்டால் அழுதுவிடுகிறார்.