வேலி தாண்டி வந்த விளையாட்டு

"மாமா, ஒடனே கெளம்பி வாங்க. ஒங்க பேப்பர்ல எழுதி அவுங்க மானத்த வாங்கணும்."

போன ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே சிதம்பரத்திலிருந்து போன். பேசியது என் மனைவியின் தம்பி சேகர்.

"யார் மானத்தை?"

"அது தெரிஞ்சா நான் ஏன் ஒங்கள கூப்புடப் போறேன்?"

நியாயம்தானே?

ஊருக்கு வெளியே புதிதாக முளைத்த ஒரு நகரில் வீடு கட்டிக் குடிபோயிருக்கிறான் சேகர். சுற்றிலும் கல்லுக்கால் நட்டு முள்கம்பி வேலி. ஒரு மாதமாக, ஞாயிறு தவறாமல், யாராவது இரண்டு பேர் செல்போனைப் பார்த்துக்கொண்டே வருகிறார்களாம். வேலிக்குள் நுழைந்து, தோட்டத்தில் குனிந்து குனிந்து எதையோ தேடுகிறார்களாம். அதட்டினால் ஓட்டம்.

"போன வாரம் வந்தவன் என் எலுமிச்சங்கன்ன மிதிச்சிட்டு, சாரி வேற சொல்லிட்டுப் போறான் மாமா."

சேகரிடம் ஒரு வசனம் உண்டு. கிரகப்பிரவேசத்தன்று ஆரம்பித்தது, இன்னும் நிறுத்தவில்லை. "என் எடத்துல காத்து வீசணும்னாலும் என்னைக் கேட்டுட்டுத்தான் வீசணும்." அப்படிப்பட்டவன் தோட்டத்தில் ஆள் நடமாட்டம் என்றால்... சும்மா இருப்பானா?

கடலூரிலிருந்து பஸ் பிடித்து, பதினோரு மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். சட்டைப் பையில் நோட்டு, பேனா. கொஞ்சம் கம்பீரமாகத்தான் நடந்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு காலி மனை. கடலூர் ஓல்டு டவுனில் இருக்கும் ஸ்டெல்லா டீச்சருடையது. கணக்கு டீச்சர். ரிட்டயர் ஆகிவிட்டார். வீடு கட்டும் யோசனையில், சர்ச் முடிந்ததும் ஞாயிறுதோறும் மனையைப் பார்க்க வந்துவிடுவார். அன்றைக்கும் வந்திருந்தார் — கையில் அளக்கிற டேப்போடு. முகம் வாடியிருந்தது.

"நாப்பதடி மனை சார். மூணு வாரமா அளக்கறேன், முப்பத்தெட்டுதான் வருது. முப்பது வருஷம் புள்ளைங்களுக்குக் கணக்கு சொல்லிக் குடுத்தேன். இப்ப எனக்கே வர மாட்டேங்குது."

"வெயில்ல டேப்பு சுருங்கும் டீச்சர்" என்றான் சேகர்.

"வெயில்ல விரியத்தான செய்யும்?"

"அது தண்டவாளம் டீச்சர். டேப்பு வேற."

என் மச்சான் விஞ்ஞானம் பேசி அன்றைக்குத்தான் முதல் தடவை கேட்டேன்.

அதற்குள் ஒரு ஸ்கூட்டி வந்து நின்றது. இரண்டு பெண்கள். இன்ஜினியரிங் படிக்கிற வயசு. போனைப் பார்த்தார்கள், வேலியைப் பார்த்தார்கள். துப்பட்டாவைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு கம்பிகளுக்கு நடுவே நுழைந்தே விட்டார்கள். ரவுடிகளுக்காகத் தயார் செய்து வைத்திருந்த வசவெல்லாம் சேகருக்கு வீணாகப் போய்விட்டது.

"யாரும்மா நீங்க? கேக்காம கொள்ளாம அடுத்தவங்க எடத்துல வர்றீங்க?"

"சாரி அங்கிள், ரெண்டே நிமிஷம். கொஞ்சம் தள்ளி நில்லுங்களேன்... பாயிண்ட் மேல நிக்கறீங்க."

சேகர் தள்ளி நின்றான்! ஏன் தள்ளி நின்றான் என்று அவனுக்கே தெரியாது.

போனை வைத்திருந்த பெண் விளக்கினாள். இது ஒரு விளையாட்டாம். யாரோ ஒருத்தர் எங்கேயாவது ஒரு டப்பாவை ஒளித்து வைத்துவிட்டு, அது எந்த அட்சரேகை, எந்தத் தீர்க்கரேகை என்று இன்டர்நெட்டில் போட்டுவிடுவார். மற்றவர்கள் போன் காட்டும் வழியில் போய்த் தேட வேண்டும். கிடைத்தால் டப்பாவுக்குள் இருக்கும் நோட்டில் பெயர் எழுதலாம். உள்ளே இருந்து ஒரு பொருளை எடுத்தால், பதிலுக்கு ஒன்று வைக்க வேண்டும்.

"பரிசு?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் கெடையாது அங்கிள்."

"இதுக்கா என் எலுமிச்சங்கன்னு செத்துச்சு?" என்றான் சேகர்.

"வீட்டு காம்பவுண்டுக்குள்ள வைக்கக் கூடாதுன்னு ரூல் இருக்கு அங்கிள். அதான் எங்களுக்கும் புரியல. போன் பத்தடி முன்னப் பின்ன காட்டும். ஆனா வெச்சவங்க போட்டோ போட்டிருக்காங்க, பாருங்க."

பார்த்தேன். போட்டோவில் சேகர் வீடு, வேலி. வேலிக்கு வெளியே ஒரு சர்வே கல். கல்லை ஒட்டிச் சில செங்கல்.

"காலி மனைதானன்னு அங்க வெச்சிருக்காங்க. இப்ப அந்தக் கல்லையே காணோம்."

சேகர் நைசாக நகர்ந்து போய், செங்கல் அடுக்கின் மேல் உட்கார்ந்திருந்த ஒரு செம்பருத்தித் தொட்டியை மறைத்துக்கொண்டு நின்றான்.

"தொட்டியத் தொடாதீங்க. பூக்கற நேரம்."

"செம்பருத்தி தெனமும்தான பூக்கும்?" — வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து டீச்சர்.

அந்தப் பெண் போனை டீச்சரிடம் நீட்டினாள். டீச்சர் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தார். வேலியைப் பார்த்தார். தொட்டியைப் பார்த்தார். கையிலிருந்த டேப்பைப் பார்த்தார்.

"ஓனர் சரின்னா டப்பா இங்கயே இருக்கலாம். இல்லன்னா எடுத்துடணும்" என்றாள் அந்தப் பெண். "தொட்டி இருக்கற எடம் யாரோடது அங்கிள்?"

சேகர் என்னைப் பார்த்தான். நான் நோட்டைப் பார்த்தேன். காற்று வீசியது. யாரையும் கேட்கவில்லை.

"டீச்சரக் கேளும்மா" என்றான் கடைசியில்.

டீச்சர் பெரிதாக மூச்சு விட்டார்.

"அப்ப எனக்குக் கணக்கு வருது. டாக்டர்கிட்ட போலாமான்னு இருந்தேன் தம்பி."

"திருப்பி வேலி போட்ட ஆளு கயித்தக் கொஞ்சம் தள்ளிப் புடிச்சிட்டான் டீச்சர். இந்த வாரமே மாத்திடறேன்."

"அவுரு கயித்தோட தொட்டியும் கொண்டாந்தாரா தம்பி?"

அதற்கு மட்டும் சேகரிடம் விஞ்ஞானம் இல்லை.

தொட்டியை நகர்த்தினோம். கல் இருந்தது. செங்கல் இடுக்கில் பிளாஸ்டிக் டிபன் டப்பா. உள்ளே ஒரு ரப்பர் டைனோசர், ஒரு கீ செயின், நோட்டு. டீச்சர் கம்பிக்கு இந்தப் பக்கம் கையை நீட்டி நோட்டை வாங்கி, நிதானமாகப் பெயர் எழுதினார். "எடுத்தது" என்ற இடத்தில், அழகான கையெழுத்தில் "இரண்டடி" என்று எழுதினார். "வைத்தது" என்ற இடத்தில் "டேப்". சொன்னபடியே டேப்பைச் சுருட்டி டப்பாவில் வைத்துவிட்டார்.

நாம் எல்லோரும் கொஞ்சம் சேகர்தான். அடுத்தவர் நம் இடத்தில் ஒரு கால் வைத்தால் பளிச்சென்று தெரிந்துவிடுகிறது. நம் வேலி நடந்து போவதுதான் கண்ணுக்குத் தெரிவதில்லை... இல்லையா?

பஸ் ஏற்றிவிட வந்தவன், "எழுதினாலும் பேர மாத்திடுங்க மாமா" என்றான்.

மாற்றிவிட்டேன். ஆனால் என் மனைவிக்கு இருப்பது ஒரே தம்பி — அதை எப்படி மாற்றுவது?