காற்று பட்டால் சொட்டும்

அணைந்த திரியின் புகை. அக்காவின் தலைமாட்டில் எரிந்த மெழுகுவர்த்திகளை ஊதி அணைத்துவிட்டுச் சவப்பெட்டியைத் தூக்கினார்கள். அப்போது மூக்கில் ஏறிய புகை, ஓராண்டு ஆகியும் இறங்கவில்லை. எங்கே திரி அணைந்தாலும் எங்கள் பழைய தகரக் கொட்டகை எழுந்து வந்து எதிரே நிற்கிறது. உள்ளே அக்கா, பேனா மூடியைக் கடித்தபடி.

வில்லியனூருக்கு மேற்கே, பங்குக் கோயில் மணி கேட்கிற தூரத்தில் அக்கா பிறந்தார். அப்பாவுக்கு மெழுகுவர்த்தித் தொழில். கொட்டகையில் உருக்குகிற சட்டியும், வார்க்கிற அச்சுகளும், காயவைக்கிற பலகைகளும் இருந்தன. அக்கா பத்தாவது முடித்ததும் அப்பாவுக்குத் துணையாக அங்கே உட்கார்ந்தார். நான் இளையவள். திரி வெட்டுவது என் வேலை.

எழுபதுகளின் ஒரு கோடையில் எல்லாம் நின்றுபோயிற்று. டவுனில் மெஷின் வைத்து வார்த்தவர்கள் மலிவாகக் கொடுத்தார்கள். எங்கள் சரக்கு பலகையில் தங்கியது. வெயில் ஏற ஏற, அடுக்கிய மெழுகுவர்த்திகள் ஒன்றோடொன்று ஒட்டத் தொடங்கின. டவுன் வியாபாரி ஒருவர் அச்சுகளை விலைக்குக் கேட்டார். அப்பா, மாதா திருநாளுக்குப் பத்து நாள் முன்புவரை ஆர்டர் வராவிட்டால் அச்சைக் கொடுத்துவிட்டு மில்லுக்குக் கூலியாகப் போவதாக வாக்குக் கொடுத்துவிட்டார். அந்த வாக்கு எங்கள் வீட்டுக்குள் ஒரு ஆளைப்போல நடமாடியது.

“கோயில் கோயிலா சாமியாருங்களுக்குக் கடுதாசி போடலாம்பா” என்றார் அக்கா.

அப்பா சொல்லச் சொல்ல எழுதினார். சர்வேசுரனுடைய திருநாமம் முதலில். பிறகு பாதம் பணிதல். பிறகு எளிய குடும்பம், ஏழைக் கண்ணீர், மாதாவின் இரக்கம். சாமியாருக்கு எழுதுவதென்றால் எங்களுக்கு வேறு விதம் தெரியாது. மெழுகுவர்த்தி கடைசி வரியில், கையெழுத்துக்கு மேலே, கூனிக்கொண்டு நின்றது.

ஒரே ஒரு பதில் வந்தது. ‘உங்கள் கஷ்டம் நீங்க ஞாயிறு பூசையில் விசேஷமாக வேண்டிக்கொண்டேன்.’

அம்மா அந்தக் கார்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். “பாத்தியாடி, நமக்காகப் பூசையே வெச்சிருக்காரு!”

“பூசை வெச்சாரும்மா. மெழுகுவத்தி கேட்டாரா?” என்றார் அக்கா. முகம் வெளுத்திருந்தது. “நாம விக்கல. பிச்சை கேட்டிருக்கோம்.”

மறுநாள் எங்கள் கோயில் உபதேசியாரைப் பிடித்தார். பீடத்தைத் துடைப்பதும் திரி ஏற்றுவதும் அவர்தான்.

“மெழுகுவத்தியால உங்களுக்கு இன்னா தொல்லைங்க?”

“இன்னா தொல்லையா? பீடத்துணில சொட்டுது. சுரண்டிச் சுரண்டி என் நகமே பூட்ச்சு. சாமி திட்டறது மெழுகுவத்தியயா? என்னியதான!”

அக்கா ஓடிவந்து எழுதினார். எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார். நான் வாசல் பக்கம் பார்த்த இடத்தில் நிறுத்தி, அந்த வரியை அடித்தார். மறுபடி படித்தார். காக்கையைப் பார்த்தேன், இன்னொரு வரி போயிற்று. அப்படி அடித்து அடித்து, நான் கண் எடுக்காமல் கேட்ட சில வரிகள் மட்டும் மிஞ்சின.

‘சங்கைக்குரிய சாமியாருக்குத் தோத்திரம். உங்கள் பீடத்துணியில் விழும் மெழுகைச் சுரண்டுவது யார்? அவரிடம் இந்த மெழுகுவர்த்தியைக் கொடுங்கள். ஏற்றிப் பார்த்துச் சொல்லட்டும். காற்றில்லாத இடத்தில் சொட்டாது. ஜன்னல் காற்று நேரே பட்டால் சொட்டும்.’

அப்பா துள்ளினார். “கடேசி வரிய அடி! சொட்டும்னு எழுதினா எவன்டி வாங்குவான்? விக்கிறியா, கெடுக்கிறியா?”

“காத்துல சொட்டுமா, சொட்டாதாப்பா?”

“சொட்டும். அத நாம ஏன் சொல்லணும்?”

“முதல் பூசையில அவங்களே பாத்துடுவாங்க. அப்புறம் நம்ம சொல்லு எதுவும் நிக்காது.”

கடிதத்தை மெழுகுவர்த்தியின்மேல் சுற்றி, திரி நூலாலேயே கட்டினார் அக்கா. அப்பா சைக்கிளில் வில்லியனூர் பக்கமும் பாகூர் பக்கமும் கொண்டுபோய்க் கோயில் கோயிலாகக் கொடுத்துவிட்டு வந்தார். பிறகு காத்திருப்பு. சைக்கிள் மணி கேட்டால் நால்வரும் தெருவைப் பார்ப்போம். பால்காரனாக இருக்கும்.

பதில் வரவில்லை. கெடு நாளன்று வியாபாரி வந்துவிட்டார், அச்சுகளை ஏற்ற வண்டியோடு.

“லெட்டர் எழுதி மெழுகுவத்தி விக்கிறியாமே, பாப்பா? எனுக்கும் ஒண்ணு போடறதுதான!”

அப்பா முதல் அச்சைத் தூக்கிவிட்டார். அது வாசல் தாண்டும்போதுதான் பாகூர்ப் பக்கத்து உபதேசியார் ஒருவர் வேர்த்து விறுவிறுக்கச் சைக்கிளில் வந்து இறங்கினார். பையிலிருந்து பாதி எரிந்த மெழுகுவர்த்தியை எடுத்துப் பலகைமேல் வைத்தார். ஒரு பக்கம் முழுக்க வழிந்திருந்தது.

“சொட்டிடுச்சு.”

அப்பா அக்காவைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் எழுத மாட்டேன்.

“ஜன்னலாண்ட வெச்சேன், சொட்டுச்சு” என்றார் வந்தவர். “உள்ளாற தள்ளி வெச்சேன், ஒரு பொட்டு இல்ல. கடுதாசில இருக்கறாப்பலயே இருக்குது. கொறையச் சொல்லி விக்கிறவங்ககிட்டயே வாங்குன்னுட்டாரு சாமி. திருநாளுக்கு மொத்தமும் உங்கள்துதான்.”

அப்பா அச்சைத் திரும்ப உள்ளே கொண்டுபோய் வைத்தார். “குடுக்கறதுக்கில்லீங்க” என்று உள்ளிருந்தே குரல் கொடுத்தார்.

அந்த அச்சுகளை வைத்துத்தான் அக்கா எங்களைக் கரையேற்றினார். அப்பாவுக்குப் பின் கொட்டகையைத் தானே நடத்தினார். வெல்லம் விற்றவர், தையல் கடை வைத்தவர் என்று யார் கேட்டாலும் கடிதம் எழுதித் தந்தார். “ஒங்க சரக்குல இன்னா கொறை?” என்பதே அவர் முதல் கேள்வி. கோபித்துக்கொண்டு எழுந்து போனவர்களும் உண்டு. பெரும்பாலும் திரும்பி வந்தார்கள்.

நோயுற்ற நாட்களில் முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட செவிலியருக்கும், கஞ்சி கொண்டுவந்த தெருக்காரர்களுக்கும், ஜெபமாலை சொல்ல வந்த பங்கு மக்களுக்கும், தோள் கொடுத்துத் தூக்கியவர்களுக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது. எவர் பெயரையாவது விட்டுவிடுவேனோ என்ற பயத்தில் எவர் பெயரையும் எழுதவில்லை.

கடைசிப் பிற்பகல், ஆஸ்பத்திரிக் கட்டிலில் அக்காவுக்கு மூச்சு இழுத்தது. நான் கையைப் பிடித்துக்கொண்டு, “ஒண்ணும் இல்லக்கா. ரெண்டு நாள்ல வூட்டுக்குப் பூடலாம்” என்றேன்.

அக்கா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

எனக்குப் புரிந்தது. அந்த வரியை அடித்துவிட்டு, மறுபடி சொன்னேன்: “பயமா இருக்குக்கா.”

மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார்.

“இப்ப சரியா வந்திருக்கு” என்றார். “எனுக்கும்தான்டி.”