வாசற்படியில் இடறிய பிள்ளைகள்

காயத்துக்கு மருந்து போடுகிற வேலையில் கையைவிடக் காதுக்குத்தான் வேலை அதிகம். கேட்பதில் முக்கால்வாசி பொய்.

கொல்லிமலையில் ஒரு சின்ன சுகாதார நிலையத்தில் பதினோரு வருடமாக நர்ஸாக இருக்கிறேன். கட்டுப் போடுமுன் ‘எங்கே அடிபட்டது’ என்று கேட்டு நோட்டில் எழுத வேண்டும். பிள்ளைகள் எல்லோரும் சொல்லிவைத்தாற்போல ‘ஊட்டுலதான்’ என்பார்கள். பிள்ளையை வெளியே விட்டுவிட்டு வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களே, உங்களில் ஒருத்தியாகத்தான் இதை எழுதுகிறேன்.

தேன் இல்லாத வீடு

அண்ணனும் தம்பியுமாக இரண்டு பேர் வந்தார்கள். முகம் வீங்கிக் கண்ணே தெரியவில்லை. எங்கே என்றால், வழக்கம்போல ‘ஊட்டுலதான்’. பெரியவன் தலைமுடியில் தேனடைத் துண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. கொடுக்குகளை எடுத்து ஊசி போட்டு முடிப்பதற்குள் அவர்களுடைய அம்மா மிளகுத் தோட்டத்திலிருந்து மூச்சிரைக்க ஓடிவந்தாள். பிள்ளைகள் வீட்டில் இருந்தபோது தேனீ கொட்டிவிட்டதாமே என்று நானும் முகத்தைச் சிரிக்காமல் வைத்துக்கொண்டு கேட்டேன்.

“ஏனுங்க சிஸ்டர், காத்தால ஊட்டைப் பூட்டிச் சாவியை இடுப்புல சொருவிட்டுத்தானுங்க நான் வந்தேன்!”

கயிறு

மலையின் இன்னொரு மூலையில் இருக்கும் திண்ணனூர் நாட்டுப் பக்கமிருந்து ஒருத்தி தன் மூன்று வயதுப் பையனைத் தூக்கி வந்தாள். கணுக்காலைச் சுற்றித் தோல் உரிந்து புண்ணாகியிருந்தது. அவள் மரவள்ளிக் காட்டில் வேலை செய்கிற நேரத்தில் பையனைப் பலாமரத்தில் கட்டிவைப்பாளாம். எனக்கு வந்ததே கோபம். ஆட்டுக்குட்டியா கட்டிப்போட, பிள்ளை என்றால் நாலு இடம் ஓடத்தானே செய்யும் என்று வாய்க்கு வந்தபடி திட்டினேன். புண்ணைத் துடைத்து மருந்து தடவினேன். பிறகு அவள், யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னாள்.

“பெரியவனை அவுத்துத்தானுங்க உட்டிருந்தேன். ஓடை கொண்டுபோயிருச்சு.”

எழுபது வளைவு

தர்ஷினிக்கு எட்டு வயது. ஒரு மத்தியானம் அவளுடைய அம்மா, பிள்ளையின் காலில் மஞ்சள் பற்றுப் போட்டு இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தாள். கணுக்கால் வீங்கியிருந்தது. எங்கே கண்ணு அடிபட்டது என்று கேட்டேன். தர்ஷினி என்னைப் பார்க்கவில்லை. அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே, ‘வாசப்படில இடறிட்டேன்’ என்றாள். சுளுக்கு என்று நினைத்தேன். பற்றைக் கழுவிப் பார்க்கவில்லை. வெளியே கூட்டம் நின்றது என்பதெல்லாம் இப்போது நான் சொல்லிக்கொள்கிற சாக்கு. நோட்டில் ‘வாசற்படி’ என்று எழுதி, வலி மாத்திரை கொடுத்து அனுப்பினேன்.

சாயங்காலம் ஈறில் ரத்தம் கசியக் கசியத் திரும்பக் கொண்டுவந்தார்கள். அப்போதுதான் பற்றைக் கழுவினேன். அடியில் பாம்பின் பல் தடம். டாக்டர் விஷமுறிவு மருந்தை ஏற்றி, ஆம்புலன்ஸில் மலைப்பாதையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கிக் கீழே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். மத்தியானம் நான் மாத்திரை கொடுத்தபோதும் அந்த மருந்து பத்தடி தள்ளிக் குளிர்பெட்டியில்தான் இருந்தது. மறுநாள் காலையில் தர்ஷினி இல்லை. ஓடையில் நண்டு பிடிக்கப் போயிருக்கிறாள். ஓடைப்பக்கம் போனால் காலை ஒடித்துவிடுவேன் என்று அம்மா மிரட்டி வைத்திருந்தாள். அந்த மிரட்டலை நம்பிய பாவத்துக்குப் பிள்ளை போய்விட்டது. காரியமெல்லாம் முடிந்தபிறகு அம்மா என்னைத் தேடி வந்தாள்.

“ஆம்புலன்ஸ்ல போறப்ப இருவதாவது வளைவு இருக்குமுங்க. ‘அடிக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணும்மா, எங்க போனேன்னு சொல்றேன்’னு கேட்டாளுங்க.”

பூட்டு

இதற்குப் பிறகு நான் திருந்தினேன் என்று நினைக்காதீர்கள். என் மகள் யாழினிக்கு அப்போது பத்து வயது. பள்ளி விட்டு வந்ததும் அவளை உள்ளே வைத்து வெளிக்கதவைப் பூட்டினேன். ஏழெட்டு மாதம் அப்படித்தான். அக்கம்பக்கத்தில் கேட்டவர்களிடம் பெருமையாக வேறு சொல்லிக்கொண்டேன்.

ஒருநாள் யாழினி நொண்டினாள். தொட்டுப் பார்த்தால் காய்ச்சல். உள்ளங்காலில் சீழ். என்ன ஆச்சு என்று கேட்டேன். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே, ‘வாசப்படில இடறிட்டேம்மா’ என்றாள். அடிக்க மாட்டேன், இனிப் பூட்டவும் மாட்டேன் என்று முதலில் சொன்னேன். பிறகுதான் காலைக் கையில் எடுத்தேன். பின்சுவர் ஏறிக் குதித்து மிளகுத் தோட்டத்துக்குப் போனதும், முள் குத்தி நான்கு நாள் ஆனதும் அப்புறம்தான் வெளியே வந்தது.

கால் ஆறியபின் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளை நானே ஓடைக்கு அழைத்துப் போனேன். எந்தப் பாறை வழுக்கும், எந்தப் பொந்தில் கை விடக் கூடாது, கல்லைப் புரட்டுமுன் குச்சியால் எப்படித் தட்ட வேண்டும் என்று காட்டினேன். மழை பெய்தால் ஓடைப்பக்கமே போகக் கூடாது என்றேன். இனி சிநேகிதிகளோடு போ, எங்கே போகிறாய் என்று சொல்லிவிட்டுப் போ, எது நடந்தாலும் உடனே வந்து சொல் என்றேன். பயமில்லாமலா சொன்னேன்? அவள் குச்சியை வாங்கி ஒரு கல்லைத் தட்டிப் பார்த்தாள்.

“எல்லாத்தையும் சொல்றேன். ஆனா நான் சொல்றப்ப நீ மூஞ்சிய அப்படி வெச்சுக்காதம்மா.”

கதவுக்கு வெளியே

இப்போதெல்லாம் பெற்றவர்களை வெளியே அனுப்பிவிட்டுத்தான் பிள்ளையிடம் பேச்சுக் கொடுப்பேன். சில பேர் முறைப்பார்கள். போன மாதம் தர்ஷினியின் அம்மா வந்தாள். கூட அவளுடைய சின்ன மகன், ஆறு வயது. முழங்கையெல்லாம் சிராய்ப்பு, டிரவுசர் நனைந்திருந்தது. அவளைப் போய் எப்படி வெளியே நிற்கச் சொல்வது என்று நான் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அவளே பையனைப் பெஞ்சில் உட்காரவைத்துத் தலையைத் தடவிவிட்டு எழுந்தாள்.

“நான் வெளிய நிக்கறனுங்க. எங்க போனான்னு உங்ககிட்டயாவது சொல்லட்டும்.”

பையன் ‘ஓடை’ என்றான், நானும் ‘ஓடை’ என்றே எழுதினேன். ஆனால் பழைய நோட்டுகளை யாராவது எடுத்துப் படித்தால், கொல்லிமலையிலேயே பிள்ளைகளுக்கு ஆபத்தான இடம் அவரவர் வீட்டு வாசற்படிதான் என்று முடிவுகட்டிவிடுவார்கள்.