அடுத்த வருடத்துக்கு ஒரே கேரவன்

மேபிள்தார்ப் கடற்கரையை ஒட்டி, விடுமுறைக்குச் சக்கர வீடுகளை வாடகைக்கு விடும் கேரவன் பூங்காவில், வருகிறவர்கள் தாங்களேதான் சமைத்துக்கொள்ள வேண்டும். எங்கள் குடும்பத்தில் ‘தாங்களே’ என்றால் லினெட் அத்தை. பார்ன்ஸ்லியில் ஒரு பள்ளிக்கூடத்துச் சமையலறையில் வேலை. விடுமுறைக்கு வந்தாலும் கரண்டியைக் கீழே வைக்க மாட்டாள். அந்தப் பள்ளியில்தான் நானும் படித்தேன், பெரும்பாலும் மதியச் சாப்பாடு வரைக்கும்.

அத்தை கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஆள் கிடைக்காமல் இல்லை. வந்தவன் எவனுக்கும் நாக்கில் ருசி தெரியவில்லை என்பாள். அவளுக்குப் பிடித்த ஒரே ஆள் நெவில். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், மனைவி இறந்து பல வருடம் ஆகிறது. ஒவ்வோர் ஆகஸ்டிலும் எங்களுக்குப் பின்வரிசையில் தனியாக ஒரு கேரவன் எடுப்பார். இத்தனை வருடமாக இருவரும் சர்க்கரையும் வானிலையும் பரிமாறிக்கொண்டதோடு சரி.

வழக்கமாக வருகிறவர்கள் ஊருக்குக் கிளம்பும் முன் பூங்கா அலுவலகத்தில் அடுத்த ஆண்டுக்கும் இடம் சொல்லி வைத்துவிடுவார்கள். நெவில் திங்கட்கிழமை காலை கிளம்புகிறார். அதனால் ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்கு அவரை அழைத்திருந்தாள் அத்தை.

“சாப்பிட்டு முடிச்சதும் கேட்டுடப் போறேன்டா. ரெண்டு கேரவன் எதுக்கு, அடுத்த வருஷம் ஒண்ணு போதுமேன்னு.”

“முடியாதுன்னுட்டா?”

“என் யார்க்ஷயர் புட்டிங்கைத் தின்னுட்டு எவனாவது முடியாதும்பானா?”

மாட்டிறைச்சி வெந்துவிட்டது. உருளைக்கிழங்கு சிவந்துவிட்டது. இறைச்சியோடு சாப்பிடுகிற, சூட்டில் உப்பி எழும் புட்டிங்குக்கு மாவை ஊற்ற வேண்டிய நேரத்தில் அடுப்பு அணைந்தது. வெளியே போய் மாற்று சிலிண்டரைத் தூக்கினேன். இறகு மாதிரி வந்தது. போன வாரம் இங்கே இருந்த புண்ணியவான்கள் காலியை வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். சிலிண்டர் தருகிற ஆள் தன் வீட்டு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்குப் போய்விட்டான்.

அத்தை மாவுக் கிண்ணத்தோடு அப்படியே நின்றாள். அவள் கை சும்மா இருந்து நான் பார்த்ததில்லை. கேலி செய்ய இதைவிட நல்ல சமயம் வராது. ஏனோ வாய் வரவில்லை.

“நெவில் டவுனுக்குப் போயிருக்காரு. அவர் அடுப்பு சும்மாத்தான் கிடக்கு. சாவி படிக்கட்டுக்கு அடியில இருக்கு,” என்றேன்.

“உனக்கெப்படிடா தெரியும்?”

“போன வருஷம் அவர் படுக்கையில பிளாஸ்டிக் நண்டு தானா ஏறிப் படுத்துக்குச்சுன்னு நினைச்சியா?”

என்னை முறைக்கக்கூட அவளுக்கு நேரமில்லை. மாவை அவள் எடுத்துக்கொள்ள, இறைச்சியும் உருளைக்கிழங்கும் இருந்த தட்டைத் துண்டால் மூடி நான் தூக்கினேன். வழியில் நாற்காலி போட்டு வெயில் காய்ந்துகொண்டிருந்த ஒருவர், “என்ன லினெட், வீடு மாறிப் போறியா?” என்றார்.

“மதியத்துக்குள்ள தெரிஞ்சிடும்,” என்றாள், நடையை நிறுத்தாமல்.

நெவில் பூங்கொத்தோடு எங்கள் கேரவனுக்குப் போய்க் கதவைத் தட்டியிருக்கிறார். ஆளில்லை. அழைத்ததை அத்தை மறந்துவிட்டாள் என்று நினைத்து, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பி வந்து தன் கதவைத் திறந்தார். உள்ளே அவருடைய அடுப்பின் முன் அத்தை மண்டியிட்டிருந்தாள்.

“கதவைச் சாத்துங்க, காத்தடிக்குது.”

சாத்தினார். சொந்த இடத்திலேயே விருந்தாளி போல நின்றார். “லினெட், என்னைத்தானே நீங்க சாப்பிடக் கூப்பிட்டீங்க?”

“ஆமா. உட்காருங்க.”

பழக்கமில்லாத அடுப்பு. ஒரு பக்கம் மட்டும் காந்துகிறது. தட்டை வெளியே எடுத்தபோது, ஒரு புட்டிங்கூட நிமிர்ந்து நிற்கவில்லை. எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தன. போச்சு, இனிமேல் கேட்க மாட்டாள் என்று நினைத்தேன். அவள் தட்டை மேசையில் வைத்து, கையுறையைக் கழற்றினாள்.

“கோணிப் போச்சு. அதனால சாப்பாட்டுக்கு முன்னாடியே கேட்டுடறேன். அடுத்த வருஷம் நாம ரெண்டு பேரும் ஒரே கேரவன் எடுத்தா என்ன?”

நெவில் பூங்கொத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் உருளைக்கிழங்கைப் பார்த்தேன்.

“நான் குறட்டை விடுவேன் லினெட்.”

“முன்வரிசை வரைக்கும் கேக்குது. தெரிஞ்சுதான் கேக்கறேன்.”

அவர் சிரித்துக்கொண்டே, இருந்ததிலேயே அதிகமாகச் சாய்ந்திருந்த புட்டிங்கை எடுத்துத் தன் தட்டில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் காலை அலுவலகத்தில் கடலைப் பார்த்த கேரவனாக ஒன்று கேட்டார்கள். யார் பெயரில் எழுத என்றாள் அங்கிருந்த பெண். நெவில் அத்தை பக்கம் திரும்பினார்.

“ரெண்டு பேர் பேரும் போடுங்க,” என்றாள் அத்தை. “என் பேரு முதல்ல.”