புவாலையின் சிவப்புத் தட்டு

புவாலை எனக்கு நாற்பதாயிரம் பாட் தரவேண்டியிருந்தது. அந்தக் கடனோடுதான் தினமும் என் எதிர்மேஜையில் வந்து உட்காருவாள். சிவப்பு வெல்வெட் தட்டைப் புறங்கையால் தடவிவிட்டுத் தலைக்குமேல் கைகூப்புவாள். அப்புறம்தான் பன்றித்தோல் வறுவலில் ஒரு துண்டைக் கடிப்பாள்.

தாய்லாந்தின் லம்பூன் ஊரில், கழுத்தில் போடும் மண்புத்தர் சந்தையில் என்னைத் தெரியாதவர் கிடையாது. நாலாங் கிளாஸ் தாண்டாதவன் நான். நடைபாதையில் சாக்கு விரித்துத் தொடங்கி, இன்று மூன்று கண்ணாடிப்பெட்டியும் மாடிவீடுமாக இருக்கிறேன். கட்டைவிரல் அளவு சுட்ட மண்ணில் உட்கார்ந்திருக்கும் புத்தர் பழசா, போன மாசம் சூளையில் வெந்ததா என்று நான் சொன்னால் அதற்குமேல் பேச்சில்லை. அப்படிப்பட்ட என்னையே ஒரு மண்புத்தர் ஏமாற்றிவிட்டார். நாற்பதாயிரத்துக்கு அவரைத் தந்தவன் புவாலையின் புருஷன் சிங்காம். உண்மையென்று நம்பித்தான், போலியானால் காசு வாபஸ் என்று உத்தரவாதம் சொன்னான்.

போலியென்று தெரிந்தபோது சிங்காம் போய்ச் சேர்ந்திருந்தான். செத்தவன் உத்தரவாதம் சிதையோடு போச்சு, அதுதான் சந்தை வழக்கம். விட்டுவிடு என்றேன். அவள் விடவில்லை.

"அவர் வாக்கு அவரோட எரிஞ்சிருக்கலாம்ணே. அந்தக் காசுல போட்ட கூரை எங்க தலைக்குமேலதான இருக்கு?"

புருஷனின் மேஜையிலேயே உட்கார்ந்தாள். புத்தரை நாங்கள் விற்பதில்லை, வாடகைக்குத் தருகிறோம் என்போம்; வாங்குகிறவரும் 'எடுத்துக்கிறேன்' என்றுதான் சொல்வார். உத்தரவாதம் இல்லாமல் யாரும் எடுக்கமாட்டார்கள். "கடன்காரி வாய்க்கு என்ன உத்தரவாதம்?" என்று அவள் அந்த வார்த்தையையே தொடவில்லை. பிளாஸ்டிக் கூடு மாட்டினாள், அறுந்த சங்கிலி கோத்தாள், வறுவல் விற்றாள்.

கைக்குக் கை எதையும் தரமாட்டாள். மண் உருவம் கைமாறும்போது விழுந்து உடைந்தால் யார் பொறுப்பு? அதனால் தட்டில் வைப்போம், அடுத்தவர் எடுத்துக்கொள்வார். இவள் சில்லறை, மாத்திரை, வறுவல் எல்லாவற்றையும் தட்டில்தான் வைப்பாள்.

"அக்கா, சிரிப்பையும் தட்டுலதான் வைப்பியா?" என்பான் பக்கத்து மேஜை தோங்.

"வைக்கிறேன். நீ எடுத்து ஒடச்சிடாத."

சேர்த்த காசையெல்லாம் போட்டு, பாசாங் ஊர்ப் பக்கத்துத் தோட்டக்காரர் ஒருவரிடமிருந்து பச்சைநிற மண்புத்தர் ஒன்றை எடுத்துவந்தாள். போன வாரம் அரிசி ஆலைக்காரர் தவின் அதைப் பார்த்துவிட்டு நகரவேயில்லை.

"உண்மைன்னு ஒரு வார்த்தை சொல்லும்மா, இப்பவே எடுத்துக்கிறேன்."

"என் வாய் அடமானத்துல இருக்குங்க. சந்தை பூரா காட்டிட்டு வாங்க."

தவின் மேஜை மேஜையாகப் போனார். போலி என்று முகத்துக்கு நேரே சொல்வது எங்களிடம் மரியாதை இல்லை; "நம்ம ரகம் இல்லீங்க" என்போம். பச்சை மண் பழக்கமில்லாதவர்கள் அதையே சொல்லி ஒதுங்கினார்கள். தோங்கும் அதையேதான் சொன்னான். முகம் தொங்கிப்போய்க் கடைசியில் என்னிடம் வந்து, புத்தரை என் தட்டில் வைத்தார்.

பூதக்கண்ணாடியை எடுத்தேன். புவாலை என் பக்கம் திரும்பவில்லை. கையிலிருந்த வறுவல் பொட்டலம் மட்டும் பிரிக்காமலேயே இருந்தது. நானும் அதே வார்த்தையைச் சொன்னால் அவள் சேர்த்ததெல்லாம் வெறும் மண். காதோரச் சுழி, மோவாயின் கீழ் இறுகிய பழைய புழுதி, முதுகில் அழுத்தியவனின் விரல்ரேகை. மூச்சை அடக்கிக்கொண்டு இன்னொருதரம் பார்த்தேன். ஒருதரம் ஏமாந்த கண் இது, மறுபடி ஏமாறாது.

"நீங்க எடுக்கலைன்னா நான் எடுத்துக்கிறேன்," என்றேன், சந்தைக்கே கேட்கும்படி. "உத்தரவாதம் என்னுது."

தவின் அங்கேயே தொண்ணூறாயிரத்தைப் புவாலையின் தட்டில் வைத்துவிட்டுப் புத்தரை எடுத்துக்கொண்டார். தோங் எழுந்து நின்று பார்த்தான்.

"என்னக்கா, இனி வாய் திறப்பியா?"

"ஒரு வேலை பாக்கியிருக்குடா."

அதில் நாற்பதாயிரத்துக்கான நோட்டுகளோடு என் மேஜைக்கு வந்தாள். பழக்கதோஷத்தில் என் தட்டை அவள் பக்கம் நகர்த்தினேன். அவள் அதை ஒரு விரலால் ஓரமாகத் தள்ளினாள்.

"கையை நீட்டுங்கண்ணே."

நீட்டினேன். ஒவ்வொரு நோட்டாக என் உள்ளங்கையில் அழுத்தி வைத்தாள், கடைசி மேஜைவரை கேட்கும்படி உரக்க எண்ணிக்கொண்டே.